மங்கில் சொட்டும் மின்சாரம்: பட்டறைக் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் பேட்டரி எங்கே இருக்கிறது? இத்தனை வருடமாக ஒரு தடவைகூட மாற்றியதில்லையே! (வாசகி, தாப்பா)

பதில்: இல்லாததை எப்படித் தங்கச்சி மாற்றுவது? அட்டைக்குள் மெல்லிய கம்பிச் சுருளும் ஒரு சின்ன சிப்பும் மட்டும்தான். கருவியின் அருகே காட்டும்போது அங்கிருந்து வரும் காந்தப்புலம் இந்தச் சுருளில் மின்சாரத்தை உண்டாக்கும், அந்தக் கண நேரத்து மின்சாரத்தில் சிப் விழித்து, கணக்கைச் சொல்லிவிட்டு மறுபடியும் படுத்துக்கொள்ளும். கார் கண்ணாடியில் ஒட்டும் ஆர்எஃப்ஐடி ஸ்டிக்கருக்கும் பேட்டரி கிடையாது. டோல் சாவடியில் பேட்டரி தீர்ந்து பின்னால் நிற்பவர்களிடம் திட்டு வாங்க வைத்தது பழைய ஸ்மார்ட் டேக் பெட்டிதான். எனக்கும் அந்த அனுபவம் உண்டு.

கேள்வி: செம்பனைத் தோட்டத்தில் வேலை செய்கிறேன். மண் ஈரம் பார்க்கும் சென்சார் ஒன்றைக் காட்டுக்குள் நட்டு வைத்திருக்கிறோம், நிமிடத்துக்கு ஒருமுறை ஆபீசுக்குத் தகவல் அனுப்பும். சில மாதத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்ற மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சேற்றில் போகவேண்டியிருக்கிறது. தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும் சென்சார் வந்துவிட்டதாமே, நிழலிலும் வேலை செய்யுமா? (வாசகர், சுங்கை சிப்புட்)

பதில்: செய்யும் தம்பி. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன், நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பி அதை யார் பார்க்கிறார்கள்? மண் ஈரம் என்ன நாலு நம்பர் ரிசல்ட்டா, கண் கொட்டாமல் காத்திருக்க?

உங்கள் வீட்டில் யாராவது ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியிருந்தால் இந்த விஷயம் சட்டென்று புரியும். விடியுமுன் போய் மரத்தில் கோடு போட்டுவிட்டு வந்தால் பால் அது பாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு சொட்டுக்கும் யாரும் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுவதில்லை, மரத்தில் கட்டிய மங்கில், அதாவது கிண்ணத்தில், சேர்ந்த பிறகு ஒரே நடையில் போய் ஊற்றிக்கொண்டு வருவார்கள். இந்தச் சென்சார்களின் பிழைப்பும் அதேதான். சோலார் தகடு சொட்டுகிறது, சூப்பர் கெப்பாசிட்டர் என்கிற மங்கு பிடித்து வைக்கிறது, ரேடியோ எப்போதாவது வந்து வாளியில் ஊற்றிக்கொண்டு போகிறது.

கணக்கைப் பார்ப்போம். உச்சி வெயிலில் ஒரு சதுர செண்டிமீட்டர் தகடு 15 மில்லிவாட் வரை கொடுக்கும். செம்பனை ஓலைக்குக் கீழே அந்தக் கதை நடக்காது, அதனால் ரொம்பக் கஞ்சத்தனமாக 10 மைக்ரோவாட் என்றே வைத்துக்கொள்வோம், அதாவது ஒரு மில்லிவாட்டில் நூறில் ஒரு பங்கு. ஐந்துக்கு ஐந்து செண்டிமீட்டர் தகடு என்றால் பகலில் 250, இரவையும் சேர்த்துச் சராசரி பார்த்தால் 125 மைக்ரோவாட். இது வரவு. செலவு என்ன? தூங்கும்போது உங்கள் பெட்டி 5 மைக்ரோஆம்ப் எடுத்தால் 3.3 வோல்ட்டில் சுமார் 17 மைக்ரோவாட். விழித்து, ஈரம் பார்த்து, ஒரு சின்னச் செய்தியை லோரா என்கிற தொலைதூர ரேடியோவில் அனுப்ப ஒரு தடவைக்கு 80 மில்லிஜூல் என்று வையுங்கள். மணிக்கு ஒருமுறை அனுப்பினால் இதன் சராசரி 22 மைக்ரோவாட்தான், தூக்கச் செலவோடு சேர்த்தாலும் 40-ஐத் தாண்டாது, வரவு தாராளம். நிமிடத்துக்கு ஒருமுறை என்றால்? 1,300 மைக்ரோவாட்டுக்கு மேல் போய்விடும். எந்த மங்கு தாங்கும்!

இரவுக்கு 1 ஃபாரட், 5.5 வோல்ட் சூப்பர் கெப்பாசிட்டர் ஒன்று போதும். சும்மா வைத்திருந்தாலே கொஞ்சம் கசியும், வெக்கையில் சீக்கிரம் கிழடாகும், அதனால் பெட்டியை வெயில் படாத பக்கம் கட்டுங்கள்.

இப்போது யாரும் சொல்லாத சங்கதி. தெரிந்தவர் தோட்டத்தில் இப்படி ஒன்றை நானே செய்து கட்டிவிட்டு வந்தேன். சில வாரம் ஜோராக ஓடியது, அப்புறம் பேச்சு மூச்சில்லை. சர்க்யூட்டில்தான் கோளாறு என்று மீட்டர், சோல்டரிங் அயர்ன் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய்ப் பார்த்தால், தகட்டின் மேல் பச்சையாக மெல்லிய பாசி, அதன்மேல் ஒரு குருவி எச்சம், கீழே மூடி இடுக்கில் எறும்புக் கூடு. சட்டை நுனியை எச்சில் தொட்டுத் துடைத்தேன், மீட்டரில் முள் எழுந்து நின்றது. அன்றிலிருந்து தகட்டைப் படுக்க வைப்பதில்லை, மழைத் தண்ணீர் கழுவிக்கொண்டு ஓடும்படி சாய்த்துத்தான் கட்டுகிறேன்.

என்னைக் கேட்டால், மணிக்கு ஒருமுறைக்கு இறங்கிவர முடியுமானால் உங்களுக்குச் சோலாரே வேண்டாம். லித்தியம் தையோனைல் குளோரைடு என்று ஒரு வகை பேட்டரி இருக்கிறது, டபுள் ஏ அளவு, 3.6 வோல்ட், 2,400 மில்லிஆம்ப் மணி. கணக்குப்படி 20 வருடத்துக்கு மேல் வரும், அதற்குள் பேட்டரிக்கே வயதாகிவிடும் என்பதால் பத்து வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ரேடியோ திடீரென்று இழுக்கும்போது அது கொஞ்சம் திணறும், பக்கத்தில் ஒரு கெப்பாசிட்டர் போட்டுவிடுங்கள். ரீசார்ஜ் மட்டும் செய்துவிடாதீர்கள், வெடிக்கும்.

கேள்வி: நடந்தாலே போன் சார்ஜ் ஆகும் சப்பாத்து கிடைக்குமா அண்ணே? நாளெல்லாம் நிரை நிரையாக நடக்கிறோமே. (வாசகர், பகாவ்)

பதில்: அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களை கியூரி சகோதரர்கள் 1880-லேயே கண்டுபிடித்துவிட்டார்கள். அமெரிக்காவின் எம்ஐடியில் அந்த வகைப் பொருளைச் சப்பாத்துக்குள் வைத்து நடந்தும் பார்த்திருக்கிறார்கள், கிடைத்தது சராசரியாக 8 மில்லிவாட் அளவு. உங்கள் போன் பேட்டரி 5,000 மில்லிஆம்ப் மணி என்றால் அது சுமார் 19 வாட் மணி. வகுத்துப் பாருங்கள், கிட்டத்தட்ட 2,400 மணி நேரம் நடக்கவேண்டும், அதாவது சோறு தூக்கம் இல்லாமல் நூறு நாள். பவர் பேங்க் ஒன்று வாங்கி இடுப்புப் பையில் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, பசார் மாலத்திலேயே கிடைக்கிறது.