ஆறு பேர் கூடினால், புளுகியும் பேரம் பேசியும் விளையாட எந்தச் சீட்டாட்டம் நல்லது?

என் ஓட்டு 'கூப்' ஆட்டத்துக்கு. 2012-இல் வந்தது. மொத்தமே 15 சீட்டு. ஐந்து பாத்திரங்கள், தலா மூன்று. ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்தபடி. அந்தப் பாத்திரங்களில் ஒன்றான டியூக் கையில் இல்லாமலேயே "நான் டியூக்" என்று சொல்லி மூன்று காசு எடுக்கலாம். யாராவது "பொய்!" என்று சவால் விட்டு நீங்கள் மாட்டினால் ஒரு சீட்டு போச்சு. நீங்கள் சொன்னது உண்மையென்றால் இழப்பு சவால் விட்டவருக்கு. அதனால்தான் முதல் சுற்றிலேயே கூசாமல் புளுகச் சொல்வேன். அப்போது வம்புக்கு வர எல்லாருக்கும் தயக்கம். பத்து காசு சேர்ந்துவிட்டால் மட்டும் யாரையாவது தாக்கி ஒரு சீட்டை இழக்க வைத்தே ஆகவேண்டும்.

பேரம்தான் வேண்டுமென்றால் 1997-இன் 'போனான்சா'. சீட்டுகளில் உள்ள அவரைக்காயைப் பயிரிட்டு விற்பது. கைச்சீட்டின் வரிசையை மாற்றக்கூடாது; ஆகவே வேண்டாத அவரைச் சீட்டை யார் தலையிலாவது கட்டப் பார்ப்பீர்கள். சும்மாவேகூடக் கொடுப்பீர்கள்!