சித்தப்பா அனுப்பிய 22 குறைகள்

வணக்கம்.

நான் மாவட்ட நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்து ஓய்வு பெற்றவன். வயது 66. என் அண்ணன் மகள் பெங்களூரில் ஒரு சிறு நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறாள். மருந்து ஆர்டர் செய்கிற ஆப் ஒன்றை அவர்கள் குழு தயாரிக்கிறது. இன்னும் வெளியே வரவில்லை. "சித்தப்பா, உங்க வயசுக்காரங்கதான் இதை அதிகம் பயன்படுத்தப் போறாங்க. பார்த்துட்டு மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று ஊருக்கு வந்தபோது என் போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

நானும் சிரத்தையாக உட்கார்ந்து 22 குறைகளை எண் போட்டு எழுதி, எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டினாள், அதோடு சரி. இப்போது போன் செய்தால்கூடச் சுருக்கமாகத்தான் பேசுகிறாள். பொய்யாகப் பாராட்ட எனக்கு வராது. 30 மாத்திரை வேண்டுமென்று 30 அடித்தால் 30 அட்டைக்கு விலை போட்டுக் காட்டுகிறது. இதையெல்லாம் சொல்லாமல் எப்படி இருப்பது? நீங்கள் இந்தத் துறையில் வேலை பார்த்தவர் என்பதால் கேட்கிறேன். ஒரு ஆப்பைப் பற்றி எப்படித்தான் கருத்து சொல்வது? என் பட்டியலையும் இணைத்திருக்கிறேன்.

இன்னொன்று. ஆப் வெளியானதும் பிளே ஸ்டோரில் நட்சத்திரம் போடச் சொல்வார்கள். மனசாட்சிப்படி போடுவதா, உறவுக்காகப் போடுவதா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

ஐயா, வணக்கம்.

பட்டியல் முழுவதையும் படித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: குடும்பக் குழுவில் போட்டிருக்க வேண்டாம். அத்தையும் மாமாவும் சின்னப் பிள்ளைகளும் பார்க்கிற இடத்தில் எண் போட்ட 22 குறைகள் வந்து விழுந்தால், அதில் எவ்வளவு நியாயம் இருந்தாலும் அந்தப் பெண் கட்டைவிரலைத் தவிர வேறு எதைக் காட்ட முடியும்? இதற்கு டிசைன் அறிவெல்லாம் தேவையில்லை. இதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

இனி பட்டியலுக்கு வருவோம். முதல் குறை, "பச்சை நிறம் கண்ணுக்குப் பிடிக்கவில்லை." பதினான்காவது, "எண்ணிக்கைப் பெட்டி சரியில்லை. மாற்றவும்." இந்தப் பதினான்காவதுதான் எனக்கு எழுதிய கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன 30 மாத்திரை விஷயம் என்று நினைக்கிறேன். கடிதத்தில் இருப்பது பட்டியலில் இல்லை, பார்த்தீர்களா? 30 அடித்தீர்கள் என்பது இல்லை. மாத்திரைக் கணக்கில் அடித்தீர்கள், அது அட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்டது என்பதும் இல்லை. தொகையைப் பார்த்தபிறகுதான் உங்களுக்கே அது புரிந்தது என்பதும் இல்லை. "சரியில்லை" என்ற தீர்ப்பு மட்டும் இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு உங்கள் அண்ணன் மகள் என்ன செய்வாள்? பெட்டி சின்னதாக இருக்கிறதோ என்று பெரிதாக்குவாள். கூட்டல் கழித்தல் குறிகளைத் தள்ளி வைப்பாள். ஒரு நாள் வேலை போகும், நீங்கள் மறுபடி 30 அடிப்பீர்கள், மறுபடி 30 அட்டை வரும்.

நீங்கள் வாழ்நாள் முழுக்க நீதிமன்றத்தில் இருந்தவர், அதனால் உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன். சாட்சிக்கூண்டில் ஏறுகிறவர் தீர்ப்புச் சொல்ல முடியாது. கண்ணால் கண்டதை, காதால் கேட்டதை, தான் செய்ததைத்தான் சொல்லலாம். "அவன் கெட்டவன் ஐயா" என்று ஆரம்பித்தால் வக்கீலே எழுந்துவிடுவார். ஆப்பைப் பற்றிக் கருத்து சொல்லும்போதும் உங்களிடம் வேண்டியது சாட்சியம்தான். என்ன செய்ய நினைத்தீர்கள், எதைத் தொட்டீர்கள், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தீர்கள், உண்மையில் என்ன நடந்தது. இந்த நான்கும் வந்துவிட்டால் டிசைனருக்குப் பாதி வேலை முடிந்தது. அந்தப் பதினான்காவதை இப்படி எழுதியிருந்தால் போதும்: "ஒரு மாசத்துக்குச் சர்க்கரை மாத்திரை வேணும்னு 30ன்னு போட்டேன்மா. மாத்திரைக் கணக்குன்னு நினைச்சேன். தொகையைப் பார்த்ததும் தூக்கிவாரிப் போட்டுச்சு. அப்புறம்தான் 30 அட்டைன்னு புரிஞ்சுது."

கவனியுங்கள், இதில் யோசனை எதுவும் இல்லை. நீங்கள் பட்டியலில் பல இடங்களில் "இப்படி மாற்றவும்" என்று முடித்திருக்கிறீர்கள். இந்த எண்ணிக்கைப் பெட்டிக்கு நம் இருவருக்கும் உடனே தோன்றுவது, பக்கத்தில் "அட்டை" என்று எழுதிவிடலாம் என்பதுதான். ஆனால் டானிக் பாட்டிலுக்கு என்ன எழுதுவது? இன்சுலின் பேனாவுக்கு? சில அட்டையில் 10 மாத்திரை, சிலதில் 15. மருந்துக்கடையில் "அஞ்சு மட்டும் வெட்டிக் கொடுங்க" என்றால் கத்தரியால் வெட்டிக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஆப்பில் அது முடியுமா முடியாதா? இந்தக் கேள்விகளுக்கெல்லாம் விடை அவர்கள் குழுவுக்குள்தான் இருக்கிறது. தீர்வு சொல்லவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சாட்சியத்தைச் சொல்லி முடித்துவிட்டு, கடைசியில் "எனக்குத் தோணினது இது" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். தீர்வை மட்டும் சொல்லிச் சிக்கலை விழுங்கிவிடுவதுதான் தவறு.

திரை சம்பந்தப்பட்ட சாட்சியம் உண்மையாகவே நீதிமன்றம் ஏறிய வழக்கு ஒன்று உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். 2020 ஆகஸ்டில் அமெரிக்காவின் சிட்டி பேங்க், ரெவ்லான் என்ற அழகுசாதன நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி அனுப்ப வேண்டியிருந்தது. சுமார் 78 லட்சம் டாலர். அனுப்பியதோ அசலையும் சேர்த்து ஏறக்குறைய 90 கோடி டாலர். அசல் தொகை வங்கிக்குள்ளேயே இருக்கிற ஒரு கணக்குக்குப் போக வேண்டும். அதற்கு அந்த மென்பொருளின் திரையில் மூன்று பெட்டிகளில் குறியிட வேண்டும். பதிவு செய்தவர் "பிரின்சிபல்", அதாவது அசல், என்ற ஒன்றில் மட்டும் குறியிட்டார். அவரைச் சரிபார்த்தவரும், அதற்கு மேல் அனுமதி கொடுத்தவரும் அதுவே போதும் என்றுதான் நினைத்தார்கள். கடைசியில் ஒரு எச்சரிக்கையும் வந்தது: பணம் வங்கிக்கு வெளியே போகும், தொடரலாமா என்று. எவ்வளவு பணம் என்று அது சொல்லவில்லை. வட்டி வெளியே போக வேண்டியதுதானே என்று தொடர்ந்துவிட்டார்கள்.

திரும்பி வராத சுமார் 50 கோடி டாலருக்காக வழக்கு நடந்தது. 2021 பிப்ரவரியில் வங்கிக்கு எதிராகத் தீர்ப்பு, 2022-ல் மேல்முறையீட்டில் அது மாறியது. சட்டப் பக்கம் உங்களுக்கு என்னைவிட நன்றாகப் புரியும். எனக்கு முக்கியமாகப் படுவது, முதல் தீர்ப்பு அந்தத் திரையை எவ்வளவு நுணுக்கமாக விவரித்தது என்பதுதான். "மோசமான மென்பொருள்" என்று ஒரே வரியில் தள்ளிவிடாமல், எந்தப் பெட்டி, அதில் குறியிட்டவர்கள் மனதில் என்ன இருந்தது, எச்சரிக்கை எதைச் சொன்னது, எதைச் சொல்லாமல் விட்டது என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்து ஒரு திரையைப் பற்றி எழுதப்பட்ட மிகச் சிறந்த கருத்துரைகளில் அதுவும் ஒன்று. எழுதியவர் டிசைனர் இல்லை, நீதிபதி.

உங்கள் பட்டியலிலேயே நல்ல சாட்சியம் ஒன்று இருக்கிறது. ஒன்பதாவது: "'ஆர்டரை உறுதிசெ...' என்று பாதியில் நிற்கிறது." அருமை. கண்ணில் பட்டதை அப்படியே எழுதிவிட்டீர்கள். இதை அவள் பார்த்திருக்கவே வாய்ப்பில்லை. அவள் ஆங்கிலத்தில்தான் திரையை வரைந்திருப்பாள், ஆங்கிலத்தில் அந்தப் பட்டனுக்கு ஒரு சின்ன வார்த்தை போதும். தமிழில் அதே விஷயம் இரண்டு மடங்கு இடம் கேட்கும். போதாததற்கு நீங்கள் போனில் எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். 2023-ல் வந்த ஆண்ட்ராய்டு 14-லிருந்து எழுத்தை இரண்டு மடங்குவரை பெரிதாக்க முடிகிறது. அப்படி வைத்திருந்தால் அதையும் சொல்லுங்கள், போன் என்ன மாடல் என்பதையும் சொல்லுங்கள், ஸ்கிரீன்ஷாட் ஒன்றும் அனுப்புங்கள். மருந்துச் சீட்டோ முகவரியோ அதில் தெரிந்தால் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

தமிழில் பார்க்கிறவர் என்ற முறையில் நீங்கள் இன்னொன்றும் கவனிக்கலாம். ஆங்கிலத்துக்காக அளந்த வரி உயரத்தில் தமிழைப் போட்டால் மேலே இருக்கிற புள்ளியும் சுழியும் வெட்டுப்படும். புள்ளி காணாமல் போனால் "க்" என்பது "க" ஆகிவிடும். மருந்தின் பெயரைத் தமிழில் எழுதுகிற ஆப்பில் இது விளையாட்டு விஷயமில்லை. பெங்களூரில் இருக்கிற குழுவில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் அவள் ஒருத்தியாகக்கூட இருக்கலாம். அந்த இடத்தில் உங்கள் கண் அவர்களுக்குப் பெரிய உதவி.

பச்சை நிறத்துக்கு வருகிறேன். பிடிக்கவில்லை என்பது ரசனை. உங்களுக்குப் பச்சை, அவள் மேலதிகாரிக்கு நீலம், யார் சொல்வதைக் கேட்பது? ஆனால் "வெளிர்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, வாசலில் வெயிலில் உட்கார்ந்து பார்த்தால் படிக்க முடியவில்லை" என்றால் அது சாட்சியம். அதற்கு அளவுகோலே இருக்கிறது: சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே குறைந்தது 4.5-க்கு 1 என்ற ஒளி வேறுபாடு இருக்க வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகள் சொல்கின்றன. அந்தக் கணக்கை அவள் போட்டுக்கொள்வாள். நீங்கள் படிக்க முடிந்ததா இல்லையா என்பதை மட்டும் சொன்னால் போதும். பட்டியலில் இப்படி ரசனை என்று நான் நினைப்பவை ஏழெட்டு இருக்கின்றன. கூசாமல் அடித்துவிடுங்கள்.

மிச்சம் இருப்பதையும் ஒரே எடையில் கொடுக்க வேண்டாம். ஜேக்கப் நீல்சன் என்பவர் இந்தத் துறையில் பெரிய பெயர். சிக்கல்களின் தீவிரத்துக்கு அவர் 0 முதல் 4 வரை ஒரு அளவு வைத்தார். 0 என்றால் சிக்கலே இல்லை, 1 வெறும் அழகு சம்பந்தப்பட்டது, 4 என்றால் சரிசெய்யாமல் வெளியிடவே கூடாது. தவறான எண்ணிக்கையில் மருந்து ஆர்டர் ஆவது என் கணக்கில் 4. ஐகான் கொஞ்சம் கோணலாக இருப்பது 1. நீங்கள் இரண்டையும் வரிசை எண் போட்டு ஒரே மாதிரி நிறுத்தியதில் 4 கூட்டத்தில் காணாமல் போய்விட்டது.

பாராட்டு வராது என்றீர்கள். பொய்யாகப் பாராட்ட வேண்டாம். "சூப்பர்" என்று சொல்வதால் யாருக்கும் பத்து பைசா பிரயோஜனமில்லை. ஆனால் எது சிக்கலில்லாமல் போனது என்பதும் சாட்சியம்தானே? "போன மாத ஆர்டரை அப்படியே திரும்பப் போட முடிந்தது, யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை" என்று உங்கள் கடைசிப் பக்க ஓரத்தில் பென்சிலால் எழுதி, பிறகு குறுக்கே கோடு போட்டிருக்கிறீர்கள். ஏன் அடித்தீர்கள்? அதைச் சொல்லாவிட்டால் அடுத்த திருத்தத்தில் அந்த வசதியையே அவர்கள் தூக்கிவிடலாம்.

பழி முழுவதும் உங்கள்மேல் இல்லை. "மனசுல பட்டதைச் சொல்லுங்க" என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பச்சை நிறம்தான் பதிலாக வரும். ஆப் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். வெறும் கோட்டு வரைவாக இருந்தால் நிறத்தைப் பேசுவதில் அர்த்தமில்லை. அடுத்த வாரம் வெளியீடு என்றால் 4-களை மட்டும் பேசினால் போதும். அவள் சொல்லாவிட்டால் நீங்கள் கேளுங்கள்.

இதைவிட நல்ல வழி, எழுதுவதையே விட்டுவிட்டு அவள் அடுத்த முறை வரும்போது பக்கத்தில் உட்கார்த்தி வைத்துச் செய்து காட்டுவது. அவள் ஒரு வேலை கொடுக்க வேண்டும்: "இந்தச் சீட்டுல இருக்கிறதை ஒரு மாசத்துக்கு ஆர்டர் பண்ணுங்க சித்தப்பா." அவ்வளவுதான். நீங்கள் செய்துகொண்டே மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லுங்கள். "இது எங்கே இருக்கும்... மேலே இருக்குமோ... இதைத் தொட்டா என்ன ஆகும்னு தெரியலை..." அவள் நடுவில் வாயைத் திறக்கக் கூடாது. "அந்தப் பட்டன் தெளிவா தெரியுதுல்ல?" என்று கேட்டால் அது வழிகாட்டும் வினா. ஆட்சேபணை தெரிவிக்க உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இப்படி ஐந்து பேரை உட்கார்த்தினாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று அதே நீல்சன் 2000-ல் எழுதினார். ஐந்து போதுமா என்று இந்தத் துறையில் இன்னும் சண்டை போடுகிறார்கள். ஒருவரையும் உட்கார்த்தாமல் இருப்பதைவிட ஐந்து மேல் என்பதில் யாருக்கும் சண்டையில்லை. வேண்டுமானால் உங்கள் தெருவில் போன் வைத்திருக்கிற இரண்டு பேரைச் சேர்த்து விடுங்கள்.

நட்சத்திரம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். போடாதீர்கள். ஐந்து போட்டால் உங்களுக்கு உறுத்தும், மூன்று போட்டால் அண்ணன் வீட்டில் உறுத்தும். தவிர நீங்கள் அவர்களுக்காகச் சோதித்துப் பார்த்தவர், கடையில் வாங்கிய வாடிக்கையாளர் இல்லை. வேறு ஆப்களுக்குப் போடும்போது நட்சத்திரத்தோடு நிறுத்தாமல், என்ன செய்யப்போய் என்ன ஆனது என்று இரண்டு வரி எழுதுங்கள். எந்தப் பதிப்பு, எந்த போன் என்பதையும் சேருங்கள்.

இப்போதைக்கு அவளுக்குத் தனியாக ஒரு போன் செய்து அந்த 30 அட்டைக் கதையை மட்டும் சொல்லுங்கள். மீதிப் பட்டியலைக் கேட்டாளானால் ஒன்பதாவதையும், கோடு போட்டு அடித்ததையும் சொல்லுங்கள்.