பூஜ்யம் என்றால் பிழை இல்லை என்று பொருளா?

கேள்வி: பேக்கப் கோப்புகளைச் சரிபார்க்கும் கட்டளைவரிக் கருவி ஒன்றை யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் அடைவில் நிறுவியிருக்கிறேன். அதன் வெளியீட்டைக் கிரெப்பால் வடிகட்டி, பிழை வரிகளை டபிள்யூசி கட்டளையால் எண்ணும் சிறிய பாஷ் ஸ்கிரிப்டையும் எழுதினேன். தேவையற்ற செய்திகள் வராதிருக்க, கருவியின் பிழை வெளியீட்டை, வருவதையெல்லாம் விழுங்கிவிடும் டெவ்-நல்லுக்குத் திருப்பிவிட்டேன். முனையத்தில் நானே இயக்கினால் 3 பிழைகள் என்று காட்டும் ஸ்கிரிப்ட், குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரான் வழியாக இரவில் ஓடும்போது எப்போதும் 0 என்றே பதிகிறது. காரணம் என்ன?

பதில்: டெவ்-நல்லுக்குத் திருப்பியதை முதலில் நீக்கி, அந்தச் செய்திகள் ஒரு கோப்பில் விழும்படி செய்யுங்கள். கட்டளை கிடைக்கவில்லை என்ற செய்தி அடுத்த ஓட்டத்திலேயே அங்கே இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். உங்கள் லாகின் அமைப்புகளைக் கிரான் படிப்பதில்லை. பல லினக்ஸ் கணினிகளில், கட்டளைகளை எந்த அடைவுகளில் தேடுவது என்று சொல்லும் அதன் பாத் மாறியில் யூஎஸ்ஆர்-பின், பின் ஆகிய இரண்டு அடைவுகளே இருக்கும். ஆகவே கருவி ஓடவே இல்லை, கிரெப்புக்கு ஒரு வரியும் வரவில்லை, டபிள்யூசியும் தனக்கு வந்ததை எண்ணி 0 என்று சரியாகவே சொன்னது.

கருவியின் முழுப் பாதையை எழுதினால் இது தீர்ந்துவிடும். ஆனால், பிழை இல்லாத இரவையும் சோதனையே நடக்காத இரவையும் பிரித்தறிய உங்கள் ஸ்கிரிப்டுக்கு வழியில்லை என்பதே எனக்குப் பெரிய கவலை; பேக்கப் விஷயத்தில் இது ஆபத்தானது. ஒன்றின் வெளியீட்டை அடுத்ததற்குத் தரும் பைப்பால் இணைத்த கட்டளைகளில், கடைசிக் கட்டளையின் முடிவுநிலையையே (வெற்றியா தோல்வியா என்று கட்டளை தரும் எண்; 0 என்றால் வெற்றி) பாஷ் எடுத்துக்கொள்வதால், கட்டளை கிடைக்காததைக் குறிக்கும் 127 என்ற எண் இங்கே காணாமல் போய்விடுகிறது. பைப்பில் எந்தக் கட்டளை தோற்றாலும் முழுவதையும் தோல்வியாகக் கொள்ளும் பைப்ஃபெயில் அமைப்பை இயக்கச் சிலர் சொல்வார்கள். ஆனால் பொருந்தும் வரி எதுவும் இல்லாதபோது கிரெப் 1 என்ற முடிவுநிலையைத் தருவதால், எல்லாம் நலமாக இருக்கும் நாளும் தோல்வியாகத் தெரியும். எனவே பைப்பை விட்டுவிட்டு, கருவியின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதி, அதன் முடிவுநிலையைச் சோதித்து, அதன் பிறகே அந்தக் கோப்பில் எண்ணுங்கள். கோப்புகளில் குறை கண்டாலே சில கருவிகள் பூஜ்யமல்லாத எண்ணைத் தரும். எந்த எண்ணுக்கு என்ன பொருள் என்பதைக் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போதும் எண்ணிக்கை மாறினால், முனையத்தில் கிடைத்த கோப்பையும் கிரானில் கிடைத்த கோப்பையும் டிஃப் கட்டளையால் ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியாத நிறக் குறியீடுகளையும் வரியிறுதி எழுத்துகளையும் கேட் கட்டளையின் பெரிய ஏ விருப்பம் காட்டிக்கொடுக்கும். மொழி அமைப்பு வேறாக இருந்தால் கிரெப் தேடும் சொல்லே வெளியீட்டில் மாறியிருக்கலாம் என்பதால், எல்சி-ஆல் மாறிக்கு சி என்ற மதிப்பை ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே கொடுத்துவிடுவது நல்லது. இவற்றைச் சோதிக்க இரவு வரை காத்திருக்க வேண்டியதில்லை. என்வ் கட்டளையைச் சிறிய ஐ விருப்பத்துடன் இயக்கினால், மாறிகள் ஏதுமற்ற சூழலில் ஸ்கிரிப்டைப் பகலிலேயே ஓட்டிப் பார்க்கலாம்.