முதலில் கேட்டின் பூட்டைக் கழற்றுங்கள்

கேள்வி: பண்டாரவளைக்குப் பக்கத்தில், ஒரு தனியார் தேயிலைக் காணியைத் துண்டு போட்டு விற்ற இடத்தில் 31 வீடுகள் இருக்கிறோம். குடியிருப்போர் நலன்புரிச் சங்கத்துக்கு நான் செயலாளர். இரண்டு வீடுகளில் களவு போன பிறகு, பாதை தொடங்கும் இடத்தில் கேட் போட்டு இரவு 9 மணிக்குப் பூட்டுகிறோம். மேல் முனையில் இருப்பவர் வீட்டை மூன்று மாடியாக்கி வெளிநாட்டுக்காரர்களுக்கு அறை கொடுக்கிறார். சந்தா கட்டுவதில்லை, அதனால் சாவி கொடுக்கவில்லை. மண்மேட்டை வெட்டி, தண்ணீர் ஓடும் கானை அடைத்தார். கோயில் திருவிழாவில் எங்கள் தலைவரை எல்லோர் முன்னாலும் ஏசினார். 2019இல் பிரதேச சபை இந்தப் பாதைக்குக் கொங்கிறீட் போட்டுத் தந்தது. கேட்டுக்கும் சபை உறுப்பினர் ஒருவர் வாயால் சம்மதம் சொன்னார். இப்போது அந்த வீட்டுக்காரர் பொலிஸில் முறைப்பாடு செய்து, ஞாயிற்றுக்கிழமை எங்களை விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சந்தா பாக்கிக்கு வழக்குப் போடலாமா? எல்லோரும் கையெழுத்திட்டு, அவருடைய கட்டடத்தை உடைக்கச் சொல்லி மனுக் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் இரண்டரைப் பக்கம் அந்த மனிதரின் குணத்தைப் பற்றியது. அவர் ஏசியது, வணக்கம் சொல்லாதது, அவருடைய விருந்தாளிகள் இரவில் சத்தம் போடுவது எல்லாவற்றையும் படித்தேன். மனது நொந்திருக்கிறீர்கள் என்று புரிகிறது. ஆனால் அவற்றில் ஒன்றுகூட நீதிமன்றத்தில் உங்களுக்குக் கைகொடுக்காது. வழக்கை முடிவு செய்யப்போகும் வரியை மூன்றாம் பக்கத்தில், நன்றி சொல்வதுபோல் எழுதிவிட்டுக் கடந்து போயிருக்கிறீர்கள். பிரதேச சபை கொங்கிறீட் போட்டுத் தந்தது என்ற வரி அது.

அந்தப் பாதை யாருடையது? இது ஒன்றுதான் கேள்வி. சபை பொதுப் பணத்தைச் செலவழித்த பாதை பெரும்பாலும் சபையின் பாதைப் பதிவேட்டில் ஏறியிருக்கும். அப்படி ஏறியிருந்தால் அது பொதுப்பாதை. அதற்குக் குறுக்கே கேட் போட 30 வீடு சேர்ந்து தீர்மானம் எடுத்தாலும் செல்லாது. உறுப்பினர் ஒருவர் வாயால் சொன்ன சம்மதத்துக்கும் சட்டத்தில் இடமில்லை. சபை தீர்மானத்தாலும் எழுத்தாலும்தான் பேசும்.

பதிவேட்டில் இல்லை, தனியார் பாதைதான் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் நீங்கள் தப்பவில்லை. காணியைத் துண்டு போட்டபோது நில அளவையாளர் கீறிய வரைபடத்தில் அந்தப் பாதை எல்லாத் துண்டுகளுக்கும் பொதுவாக விடப்பட்டிருக்கும். உங்கள் காணி உறுதியின் அட்டவணையில் கடைசி வரிகளைப் பாருங்கள், பாதை உரிமை எழுதியிருக்கும். அவருடைய உறுதியிலும் அதே வரிதான் இருக்கும். அந்த உரிமை காணியோடு ஒட்டியது. சந்தா கட்டுகிறவருக்கு ஒரு பாதை, கட்டாதவருக்கு ஒரு பாதை என்று அது பிரியாது. பதிவேட்டின் பிரதியை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் சபையிடம் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் முடிவு சொல்ல வேண்டும். பதில் எதுவாக வந்தாலும், அவர் வெளியே நிற்கும்படி பூட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

சந்தாவை இரண்டு வரியில் முடிக்கிறேன். தொடர்மாடி வீடுகளில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் முகாமைத்துவச் சபை உண்டு, அது பணத்தைக் கட்டாயமாக அறவிடலாம். தனித்தனி உறுதி வைத்திருக்கும் வீடுகளுக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை, சங்கத்தில் சேராதவரிடம் பாக்கி என்று கேட்க முடியாது.

இனி நான் உண்மையிலேயே பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன்.

உங்கள் சங்கம் பிரதேச செயலகத்தில் பதிந்தது என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதிவு சங்கத்தைச் சட்டத்தின் கண்ணில் ஓர் ஆளாக்காது. கம்பனிபோல அதற்கென்று தனிப் பெயரும் பொறுப்பும் வந்துவிடாது. அதனால் சங்கத்தின் பெயரில் நீங்கள் வழக்குப் போட முடியாது. பலருக்குப் பொதுவான நலன் என்று காட்டி, குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 16ஆம் பிரிவின் கீழ் நீதிமன்ற அனுமதியோடு சிலர் முன்னின்று நடத்தலாம், அவ்வளவுதான். எதிர்ப்பக்கத்துக்கு இந்தச் சிக்கல் இல்லை. அழைப்பாணை தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று மனிதர்களின் வீட்டுக்கு வரும். பிரதிவாதி என்று உங்கள் பெயர் இருக்கும், சங்கத்தின் பெயர் இருக்காது. கூட்டத்தில் கையைத் தூக்கிய மற்ற வீட்டுக்காரர்கள் அன்று நீதிமன்றத்துக்கு வரமாட்டார்கள். சட்டத்தரணியாக நான் இதைப் பல தடவை பார்த்துவிட்டேன். ஒரு சங்கத்தின் பொருளாளர், ஓய்வுபெற்ற ஆசிரியர், கேட் போட்ட வழக்கில் சட்டச் செலவை ஓய்வூதியத்திலிருந்து கட்டினார். சங்கக் கணக்கில் இருந்தது மரணச் செலவுக்குச் சேர்த்த பணம், அதைத் தொட அவருக்கு மனம் வரவில்லை.

'வழக்குத்தானே, பத்து வருடம் இழுக்கும்' என்று உங்கள் தலைவர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். காணி வழக்கு இழுக்கும், உண்மை. இது அந்த வழக்கல்ல. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு, காணித் தகராறில் சமாதானக் குலைவு வரும் என்றால் உடனே தலையிடுவதற்கென்றே இருக்கிறது. பொலிஸார் அறிக்கை போடலாம், அல்லது அவரே சத்தியக்கடதாசியோடு நேரே போகலாம். விசாரணையை மூன்று மாதத்துக்குள் முடிக்கச் சட்டம் சொல்கிறது. பாதை உரிமை 69ஆம் பிரிவில் வரும். தகராறு எழுந்த நேரத்தில் அவர் அந்த வழியால் போய் வந்துகொண்டிருந்தார் என்று காட்டினாலே பெரும்பாலும் போதும். இதை மறுக்க உங்களால் முடியுமா? வருடக்கணக்காக அவர் வாகனம் அதே பாதையால்தான் போகிறது. கட்டளை வந்தால் அதற்கு மேன்முறையீடு கிடையாது. மாகாண மேல் நீதிமன்றத்தில் மீளாய்வு கேட்கலாம், அது எளிதில் கிடைக்காது. கட்டளையை மீறினால் சிறை வரை போகும்.

அதற்குப் பிறகு மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈடு. சாதாரண வீட்டுக்காரரைப் பூட்டினால் அவருக்கு என்ன நட்டம் என்று கணக்குக் காட்டுவது கடினம். இவர் அறை கொடுக்கிறவர். எல்ல ஊர்ப் பக்கமிருந்து இரவில் வந்த வெளிநாட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று முன்பதிவை ரத்துச் செய்திருந்தால், எந்தத் திகதி, எத்தனை மணி, எவ்வளவு பணம் என்று எல்லாம் கணினியில் பதிவாகியிருக்கும். இவ்வளவு சுத்தமான சாட்சியம் எங்களுக்கே அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

உங்கள் பக்கத்துச் சாட்சியமோ உங்களையே கடிக்கிறது. கடிதத்தோடு அனுப்பிய வட்ஸ்அப் பதிவுகளைப் பார்த்தேன். 'சந்தா கட்டினால் சாவி, இல்லாவிட்டால் நடந்து போங்கள்' என்று நீங்களே உங்கள் கைப்பேசியிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். களவுக்குப் பயந்து கேட் போட்டோம் என்று சொன்னால் நீதவான் காது கொடுப்பார். பணம் வாங்கத்தான் பூட்டினோம் என்று அந்த ஒரு வரி சொல்லிவிட்டது. இனி அந்தக் குழுவில் இதைப் பற்றி ஒரு சொல்கூட எழுத வேண்டாம். பழையதை அழிக்கவும் வேண்டாம், அவரிடமும் அது இருக்கிறது.

பணத்தைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது. இன்னொரு குடியிருப்பில் இதேமாதிரிக் கேட். நள்ளிரவில் ஓர் அம்மாவுக்கு நெஞ்சுவலி. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்த அம்புலன்ஸ் நேரத்துக்கு வந்துவிட்டது, ஆனால் சாவி வைத்திருந்த வாச்சர் அன்று வேலைக்கு வரவில்லை. பெட்ஷீட்டில் வைத்து மழைக்குள் கீழே தூக்கி வந்தார்கள். அவர் பிழைத்தார். பிழைக்காமல் போயிருந்தால், தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவில் கவனயீனத்தால் மரணம் விளைவித்தல் என்று முறைப்பாடு வந்திருக்கும், அதற்கு ஐந்து வருடம் வரை சிறை. சட்டத்தை விடுங்கள். உங்கள் 31 வீட்டில் எத்தனை வயதானவர்கள் இருக்கிறார்கள்? இரவில் மண் சரிந்தால் எல்லோரும் ஓடி வர வேண்டிய ஒரே வழியும் அந்தக் கேட்தானே?

கட்டடத்தை உடைக்கச் சொல்லும் மனு என் மேசைக்கு மாதம் ஒன்றாவது வரும். முதலில் ஒரு கேள்வி கேட்பேன்: கையெழுத்துப் போடுகிறவர்களில் எத்தனை பேரிடம் தங்கள் வீட்டுக்கு, சபை அங்கீகரித்தபடி கட்டியதற்கான இணக்கச் சான்றிதழ் இருக்கிறது? அப்போது ஆளையாள் பார்ப்பார்கள். மலைநாட்டில் ஓர் அறையாகத் தொடங்கி, பிள்ளைகள் வளர வளரப் பின்னால் குசினி, மேலே தகரம், பிறகு சிலாப் என்று எழும்பிய வீடுகள்தான் அதிகம். ஒரு இடத்தில் 17 பேர் சேர்ந்து பக்கத்து வீட்டுக்காரருக்கு எதிராக மனுக் கொடுத்தார்கள். தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து அந்த வீட்டை அளந்தார், போகிற வழியில் மனுக்காரர்களின் வீடுகளையும் குறித்துக்கொண்டார். முதல் அறிவித்தல் மனுவை எழுதியவருக்கே வந்தது. உடைக்கும் கட்டளையை நீதவானிடம் கேட்கும் அதிகாரம் சபைக்கு இருக்கிறது. அது யார் நல்லவர் என்று பார்த்துப் பிரயோகிக்கப்படுவதில்லை. ஆகவே மூன்று மாடி என்ற மனுவைக் கைவிடுங்கள்.

வெட்டிய மண்மேடும் அடைத்த கானும் வேறு. அவற்றைக் கைவிடக் கூடாது. உங்கள் கடிதத்தில் இது ஏச்சுக்கும் சத்தத்துக்கும் நடுவில் ஒரு வரியாக நிற்பதுதான் எனக்கு வருத்தம். மீரியபெத்தவில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி நடந்த மண்சரிவைப் பற்றிப் பதுளை மாவட்டத்துக்காரர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் மறுபடியும் காட்டிவிட்டுப் போனது. தண்ணீர் போக வழியில்லாத வெட்டிய மேட்டுக்குக் கீழே இருக்கிறவர்கள், தங்கள் வீட்டுக்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. கிராம உத்தியோகத்தர் மூலம் பிரதேச செயலாளருக்கும், மண்சரிவு ஆபத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மாவட்ட அலுவலகத்துக்கும் எழுதுங்கள். மேட்டைப் பற்றியும் கானைப் பற்றியும் மட்டும் எழுதுங்கள். படம், திகதி, கீழே எந்தெந்த வீடுகள், வெடிப்போ ஊற்றோ தெரிகிறதா என்பவை போதும். சந்தாவும் திருவிழாவும் அதில் வந்தால், இதுவும் கோபத்தில் எழுதியது என்று ஓரமாக வைத்துவிடுவார்கள். அவர்கள் வந்து பார்த்து அறிக்கை தந்தால், உங்கள் கையில் இருக்கும் ஒரே பலமான ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

அதனால் நேராகச் சொல்கிறேன், சமாதானமாகப் போங்கள். பேச்சுவார்த்தையில் உங்களிடம் கொடுப்பதற்கு ஒன்று இருக்கிறது: கேட். அவரிடம் வாங்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது: கானைத் திறப்பதும், வெட்டிய மேட்டுக்கு நிறுவனம் சொல்கிறபடி தாங்கு சுவர் கட்டுவதும். பழைய சந்தாப் பாக்கியை மறந்துவிடுங்கள். இனி வாச்சர் சம்பளத்தில் ஒரு பங்கு தருவாரா என்று கேளுங்கள், அவருக்கும் விருந்தாளிகளின் பாதுகாப்பு தேவை, தருவார் என்றே நினைக்கிறேன். இரவுச் சத்தத்துக்கு ஒரு நேர எல்லை வையுங்கள். தலைவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதை மட்டும் நிபந்தனையாக வைக்காதீர்கள், அந்த ஒரு சொல்லில் முழுப் பேச்சும் உடைந்துபோகும். இணங்கியதை மத்தியஸ்த சபையில் எழுத்தில் பதியுங்கள். விஷயம் 66ஆம் பிரிவில் நீதிமன்றத்துக்கே போய்விட்டாலும், நீதவான் முதலில் இணக்கத்துக்குத்தான் முயற்சி செய்வார். அங்கே நீங்கள் கட்டளைக்குப் பயந்து நிற்பீர்கள், இங்கே பேரம் பேசலாம்.

களவுக்கு, வாச்சரும் வெளிச்சமும் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு கெமராவும், கிராம உத்தியோகத்தர் பிரிவின் சிவில் பாதுகாப்புக் குழுவும் பூட்டைவிட உதவும். வெறும் கேட்டை நிறுத்திவைப்பதும் சபை எழுத்தில் சம்மதித்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் பூட்டையும் சங்கிலியையும் கழற்றி, கேட்டின் இரண்டு கதவுகளையும் அகலத் திறந்துவைத்து, திகதி தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பொலிஸில் கேட்டால், களவு போனதால் போட்டோம், அவருக்கு இடைஞ்சல் என்றதும் திறந்துவிட்டோம், அவருடைய பாதை உரிமையை மறுக்கவில்லை என்று சொல்லுங்கள். சந்தாவைப் பற்றி நீங்களாகப் பேச வேண்டாம். எழுதிய வாக்குமூலத்தை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லி, தமிழில் விளங்கிய பிறகு மட்டும் கையெழுத்துப் போடுங்கள். உங்கள் உறுதியின் பிரதியையும் காணியைத் துண்டு போட்ட வரைபடத்தையும் கையோடு கொண்டு போங்கள்.