நியூரோ (நரம்பியல்) எடுக்கலாமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: மகன் எம்.பி.பி.எஸ். மூன்றாம் ஆண்டு. நியூரோவா, கார்டியோவா? எதில் வருமானம் அதிகம்?
*ஒரு தாய், அண்ணா நகர்*

வருமானம் மட்டும்தான் கணக்கு என்றால் கார்டியோ. ஆஞ்சியோ, ஸ்டென்ட் என்று கையால் செய்யும் வேலைக்குத்தான் பெரிய கட்டணம். நியூரோவில் பெரும்பாலும் கேட்டு, தட்டிப் பார்த்துத்தான் சம்பாதிக்க வேண்டும். எம்.பி.பி.எஸ். ஐந்தரை, எம்.டி. மூன்று, அதற்கு மேல் டி.எம். என்ற சிறப்புப் படிப்பு மூன்று, நீட் காத்திருப்பும் கட்டாயப் பணிக்கான பாண்டும் சேர்ந்தால் 32, 33 வயது ஆகிவிடும். முதலில் எம்.டி. சீட் கிடைக்கட்டும் அம்மா. அப்புறம் இந்தக் கேள்வியைப் பையனே கேட்கட்டும்.

கே: எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடிக்கிறேன். டி.எம். நியூராலஜி சேரலாமா?
*வேளச்சேரி*

முடியாது. உங்களுக்கான படிப்பு எம்.சிஎச். நியூரோசர்ஜரி, அதாவது மூளை, நரம்பு அறுவை சிகிச்சை. தகவல் கையேட்டில் தகுதிப் பக்கத்தையாவது படித்துவிட்டு எழுதுங்கள்.

கே: எனக்கு உண்மையிலேயே ஆர்வம் இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
*எம்.டி. மாணவி, கீழ்ப்பாக்கம்*

பத்து நோயாளிகளுக்கு எம்.ஆர்.ஐ. உறையைப் பிரிக்காமல், கோளாறு எங்கே என்று நோட்டில் எழுதிப் பாருங்கள். பாதம் தொங்குகிறதா? பாதத்தை உள்பக்கம் திருப்பச் சொல்லுங்கள். அதுவும் வலுவிழந்திருந்தால் கீழ்முதுகில் எல்5 நரம்பு வேரைப் பாருங்கள். திருப்புவது நன்றாக இருந்தால், முழங்காலுக்குக் கீழே ஃபிபுலா எலும்பின் கழுத்தருகே ஓடும் பெரோனியல் நரம்பு. இதில் ருசி வந்தால் சேருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட் வரும்வரை காத்திருப்பதே சுகமென்றால் வேறு துறை பாருங்கள். ஓ.பி.யில் பாதிக்கு மேல் தலைவலி, வலிப்பு, பழைய பக்கவாதம்தான். அபூர்வ நோய்களை நினைத்து வராதீர்கள்.

கே: ஓ.எம்.ஆரில் ஒரு மருத்துவமனை நல்ல எம்.ஜி. (மினிமம் கேரண்டி, நோயாளி குறைந்தாலும் தரும் உறுதித் தொகை) தருவதாகச் சொல்கிறது. சேரலாமா?
*டி.எம். இறுதியாண்டு, போரூர்*

'நல்ல' என்றால் எவ்வளவு? எத்தனை மாதத்துக்கு? இரண்டையும் எழுதாமல் 'சேரலாமா' என்று கேட்கும் கடிதங்களே எனக்கு அதிகம் வருகின்றன.

எம்.ஜி. பொதுவாக ஆறு மாதம், மிஞ்சினால் ஒரு வருடம். அப்புறம் பார்த்த நோயாளிக்கு ஏற்ற பங்கு. கணக்கைப் போட்டுப் பாருங்கள். புது நோயாளிக்கு அரை மணி, மறுவருகைக்குப் பத்து நிமிடம். மூன்று மணி நேர ஓ.பி.யில் மூன்று புதியவர், ஒன்பது பழையவர். கட்டணம் 800, மருத்துவமனைப் பங்கு 25 சதவீதம், டி.டி.எஸ். 10 சதவீதம் என்று வையுங்கள். 25 நாளில் கைக்கு வருவது 1.6 லட்சம். அதுவும் ஓ.பி. நிரம்பினால். ஐந்து பேர் வந்தால் 67 ஆயிரம்.

ஆகவே எம்.ஜி. தொகையைவிட மற்றதைக் கேளுங்கள். வார்டில் வேறு டாக்டர் கூப்பிட்டுப் பார்த்தால் கட்டணம் யாருக்கு? இ.இ.ஜி. (மூளை மின்னலைப் பதிவு) படித்துக் கொடுத்தால்? காப்பீட்டு பேக்கேஜில் உங்கள் பங்கு எவ்வளவு? விலகினால் எத்தனை கிலோமீட்டருக்குள் பிராக்டீஸ் தடை? ராத்திரி ஸ்ட்ரோக் (பக்கவாதம்) கேஸுக்குக் கூப்பிட்டால் தனிக் கணக்கா? ரத்தக்கட்டி கரைக்கும் மருந்துக்குப் பக்கவாதம் தொடங்கியதிலிருந்து நாலரை மணி நேரம்தான் கெடு, கேஸ் வந்த ஒரு மணிக்குள் ஊசி போட்டாக வேண்டும். போரூரிலிருந்து ஓ.எம்.ஆருக்கு எத்தனை நிமிடம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் பார்த்துக்கலாம் டாக்டர்' என்றால் எழுந்துவிடுங்கள். வாய்ச்சொல் வேண்டாம், தாளில் வாங்குங்கள்.

கே: தாம்பரத்தில் சொந்த கிளினிக். இ.இ.ஜி., என்.சி.எஸ். (நரம்பில் மின்துடிப்பு ஓடும் வேகத்தைப் பார்க்கும் சோதனை) கருவி லோனில் வாங்கலாமா?

இப்போது வேண்டாம். ஆறு மாதம் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுக்கிறீர்கள் என்று எண்ணுங்கள். டெக்னீஷியன் நின்றுவிட்டால் கருவி சும்மா கிடக்கும், லோன் சும்மா இருக்காது. எர்த் சரியில்லாத கட்டடத்தில் இ.இ.ஜி. முழுக்க 50 ஹெர்ட்ஸ் இரைச்சல். ஏ.சி.யில் குளிர்ந்த கையை 32 டிகிரிக்கு மேல் சூடாக்காமல் என்.சி.எஸ். எடுத்தால் இல்லாத நோய் ரிப்போர்ட்டில் வரும். பக்கத்து லேபோடு ஒப்பந்தம் போடுங்கள். அதையும் தாளில்.