களிம்பு ஏறுவது வெட்டிய இடத்தில்தான்: வாகன வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என்னிடம் 2018-இல் வாங்கிய ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 இருக்கிறது, இதுவரை 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வரும் ஜூலையில் கடலூரிலிருந்து லே வரை சென்று திரும்ப எண்ணியுள்ளேன். ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கூம்பு வடிவ ஏர் ஃபில்டர், ஈசியூ ரீமேப், இரண்டு 40 வாட் ஃபாக் லைட்டு, ஹேண்டில்பார் ரைசர், சாடில் ஸ்டே ஆகியவற்றைப் போட்டுக்கொண்டால்தான் வண்டி தாங்கும் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். என் தகப்பனாரோ, கம்பெனி கொடுத்ததில் கை வைக்காதே என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
(மஞ்சக்குப்பம் வாசகர்)

பதில்: தங்கள் தகப்பனார் சொல்வது முக்கால் பங்கு சரி. தங்கள் பட்டியலில் எஞ்சினையும் பெட்ரோலையும் தொடுபவை மூன்று: புகையைத் தடையின்றி வெளிவிடும் ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர், கூம்பு ஃபில்டர், பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் கணினியான ஈசியூவின் கணக்கை (மேப்) மாற்றும் ரீமேப். அவற்றை அப்படியே விட்டுவிடலாம். சாமானையும் உடம்பையும் தாங்குபவை இரண்டு: பக்கப் பைகளைத் தாங்கும் சட்டமான சாடில் ஸ்டே, ஹேண்டில்பாரை உயர்த்தும் ரைசர். அவற்றை முறையாகப் போட்டுக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் ஃபாக் லைட்டுதான் வண்டியை நடுவழியில் நிறுத்தக்கூடியது என்பதால், பார்வைக்கு அற்பமாகத் தெரியும் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. எங்கள் தெருவில் நின்றிருந்த என் வண்டியைச் சக்கரத்தின் நடுப்பகுதி வரை தண்ணீர் சூழ்ந்திருக்க, மேலிருந்து விடாமல் மழை அடித்தது. வடிந்த பிறகு எண்ணெய் மாற்றி, பிரேக்கைக் கழுவி, ஓட்டிப் பார்த்ததில் குறை ஒன்றும் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்து, சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் திரும்பிக்கொண்டிருந்த ஓர் இரவில், மரக்காணம் உப்பளங்களைத் தாண்டும்போது, ஹேண்டில்பாரை இடப்பக்கம் திருப்பும் போதெல்லாம் மீட்டர் விளக்கு கண்சிமிட்டத் தொடங்கியது; பிறகு எஞ்சினும் நின்றது. கைப்பேசி வெளிச்சத்தில் ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தேன். ஃபாக் லைட்டுக்காக ஒரு கடையில் இக்னிஷன் ஒயரின் தோலைச் சீவி, இன்னொரு ஒயரை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பை உரித்தால் அதன் பசை பாகு போலக் கையில் ஒட்டியது. உள்ளே செம்பு சிவப்பாக இல்லை, கிளிப்பச்சைப் பொடியாக உதிர்ந்தது. ஓர் அங்குலம் வெட்டினேன், பச்சை. இன்னும் ஓர் அங்குலம், அப்போதும் பச்சை. மூன்றாவது அங்குலத்தில்தான் செம்பின் நிறம் தெரிந்தது. அதே கற்றையில் ஒரு சாண் தள்ளியிருந்த கம்பெனி கப்ளரை (ஒயர்களைச் செருகி இணைக்கும் கூடு) பிரித்துப் பார்த்தபோது, ரப்பர் சீல் கெடாமல், பின்கள் புதிது போல மின்னின. இரண்டின் மேலும் பட்டது அதே மழையும் அதே உப்புக் காற்றும்தான்.

இதன் காரணம் எளியது. வாகன ஒயருக்குள் இருப்பது ஒற்றைக் கம்பி அன்று, மயிரிழை போன்ற பல கம்பிகளின் திரி. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல, தோல் சீவிய இடத்தில் நுழைந்த உப்பு ஈரம் உறைக்குள்ளேயே ஊர்ந்து போகிறது; களிம்பு ஏறிய இடத்தில் மின்தடை கூடுகிறது; அங்கே சூடேறி, நாளடைவில் அறுந்துபோகிறது. கம்பெனி ஒயரிங் சாகாவரம் பெற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதில் மழை படும் இணைப்புகள் பெரும்பாலும் சீல் வைத்த கப்ளருக்குள் இருக்கின்றன. நாம் வெட்டும் இணைப்புக்கு அந்தக் காப்பு இல்லை. நெடுந்தூரப் பயணத்தில் வண்டி நின்றுபோனால் பிஸ்டனையும் வால்வையும் சந்தேகிப்பதற்கு முன் டேப் சுற்றிய இடங்களைத் தேடுவது என் வழக்கம். பெரும்பாலும் தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

இரண்டு 40 வாட் விளக்குகள் சேர்ந்து ஆறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை ஹெட்லைட் சுவிட்சிலிருந்து எடுத்தால் அந்தச் சிறிய சுவிட்சின் முனைகள் கருகும். பேட்டரியிலிருந்து நேரடியாகத் தனி ஒயர் இழுத்து, பேட்டரிக்கு அருகிலேயே 10 ஆம்பியர் ஃபியூஸ் வைத்து, ரிலே (சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்ச்) வழியாக விளக்குக்குக் கொண்டுபோகச் சொல்லுங்கள். ரிலேயை இயக்கும் சிறு ஒயரையும் வெட்டி முறுக்காமல், ஹெட்லைட் கப்ளருக்கு நடுவே செருகும் இணைப்பாகக் கேட்டு வாங்குங்கள். வேலை முடிந்ததும் எல்லா விளக்கையும் போட்டு, எஞ்சினை 3,000 முதல் 4,000 சுற்றில் வைத்து, பேட்டரி முனையில் மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். 14 வோல்ட்டை ஒட்டி நின்றால் நல்லது. 13-க்குக் கீழே இறங்கினால் வண்டி தன் சேமிப்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று பொருள். பழைய கார்ப்புரேட்டர் வண்டியைத் தள்ளியாவது உயிர்ப்பித்துவிடலாம். இன்ஜெக்‌ஷன் வண்டியில் பெட்ரோல் பம்புக்கும் ஈசியூவுக்கும் மின்சாரம் வேண்டும் என்பதால், பேட்டரி முற்றிலும் இறங்கிவிட்டால் தள்ளுவது பெரும்பாலும் வியர்வைக்குத்தான் உதவும்.

இனி எஞ்சின். தங்கள் வண்டி 411 சிசியிலிருந்து 24.5 குதிரைத்திறன் மட்டுமே எடுக்கிறது. அதே காலத்துக் கேடிஎம் 390-ஐப் போன்ற எஞ்சின் 373 சிசியிலிருந்து ஏறக்குறைய 43 எடுத்தது. குறைந்த திறனைக் குறையாகப் பேசுவோர் உண்டு. நெடுந்தூரக்காரனுக்கோ அதுவே சொத்து. எஞ்சின் தன் வலிமையில் ஒரு பகுதியைச் செலவழிக்காமல் வைத்திருக்கிறது. ஃப்ரீ ஃப்ளோ சைலன்சரும் கூம்பு ஃபில்டரும் போட்டால் காற்று கூடுகிறது. கம்பெனி கணக்கிட்ட பெட்ரோல் அதற்குப் போதாமல் போகலாம். சீரான வேகத்தில், புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சார் பார்த்து ஓரளவு ஈடுகட்டும். முழுத் திராட்டிலில் மேடு ஏறும்போது அந்தத் திருத்தம் வேலை செய்வதில்லை. பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். அதன் விளைவு ஸ்பார்க் பிளக்கிலும் எக்சாஸ்ட் வால்விலும் தெரியும். இதைச் சரிசெய்யத்தான் ரீமேப் என்பார்கள். தாங்களோ கடல் மட்டத்திலிருந்து கிளம்பி 17,500 அடிக்கு மேலுள்ள கர்துங் லா கணவாய் வரை ஏறக்கூடும். அங்கே காற்றழுத்தம் கடலூரில் இருப்பதில் பாதியைவிடச் சற்றே அதிகம். கம்பெனி மேப் அந்த வேறுபாட்டை அழுத்தச் சென்சாரின் துணையோடு சமாளிக்கும். கடற்கரைச் சாலையில் நாலு முறை ஓட்டிப் பார்த்துத் தோராயமாக எழுதிய மேப் அங்கே எப்படி நடந்துகொள்ளும் என்பதை அங்கே போய்த்தான் அறிய வேண்டியிருக்கும். புழுதி வேறு இருக்கிறது: துளை பெரிய ஃபில்டர் வழியே நுழையும் நுண்மணல் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிட்டால், ஐந்தாயிரம் கிலோமீட்டர் கழித்து எண்ணெய் குறையத் தொடங்கும். புதிய பேப்பர் ஃபில்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு, இன்னொன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரைசர் போட்டால், ஹேண்டில்பாரை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, கிளட்ச் கேபிளும் பிரேக் ஹோஸும் ஒயர் கற்றையும் இழுபடுகின்றனவா என்று பகலிலேயே பாருங்கள். இழுபட்டால் நீளமான கேபிளும் ஹோஸும் வாங்குங்கள், இல்லையேல் ரைசரை விட்டுவிடுங்கள். சாடில் ஸ்டே நல்லது, அவசியமும்கூட. கனமான பொருளைக் கீழேயும் முன்னேயும் வையுங்கள். பின்சக்கர அச்சுக்குப் பின்னால் தொங்கும் ஒவ்வொரு கிலோவும் நெம்புகோலாகி, பின்பக்கச் சட்டமான சப்ஃப்ரேமைப் பதம் பார்க்கும். முதல் 500 கிலோமீட்டரில் எல்லாப் போல்ட்டையும் ஒருமுறை இறுக்குங்கள். செயின் ஸ்பிராக்கெட் எப்போது மாற்றினீர்கள் என்று தாங்கள் எழுதவில்லை. இருபதாயிரம் கிலோமீட்டர் தாண்டிய செட்டாக இருந்தால், போக வர ஏறக்குறைய ஏழாயிரம் கிலோமீட்டருக்கு அதை நம்பாமல் மாற்றிவிடுங்கள். சைலன்சருக்கு ஒதுக்கிய பணத்தில் அதுவும், புதிய டியூப்களும், இரண்டு கேபிள்களும் வந்துவிடும்.

கேள்வி: ஒருவர் தம் டூரிங் வண்டியை விற்கிறார். கூடுதல் பொருத்தங்களுக்கு மட்டும் 80,000 ரூபாய் செலவழித்ததாகச் சொல்லி, அதில் பாதியை வண்டியின் விலையோடு சேர்த்துக் கேட்கிறார். கொடுக்கலாமா?
(முதலியார்பேட்டை வாசகர்)

பதில்: மாற்றம் எதுவும் செய்யாத ஸ்டாக் வண்டியின் விலைக்கு மேல் கொடுக்காதீர்கள். அவர் கழற்றி வைத்த பழைய சைலன்சரும் ஃபில்டர் பெட்டியும் இருக்கின்றனவா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால் அவற்றின் விலையைக் குறைத்துக் கேட்கும் நியாயம் தங்களுக்கு உண்டு. சீட்டைக் கழற்றி, டேப் சுற்றிய இணைப்புகளை எண்ணுங்கள். நான் நான்குக்கு மேல் எண்ணினால் எழுந்து வந்துவிடுவேன். 2024 இறுதியில் புதுச்சேரியிலும், தென்பெண்ணை கரைபுரண்ட கடலூர்ப் பக்கத்திலும் ஏராளமான வண்டிகள் நீரில் நின்றன என்பதால், ஃபில்டர் பெட்டியின் அடியிலும் ஹெட்லைட்டுக்குள்ளும் வண்டல் படிந்த கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டியைக் கழுவி மினுக்குபவர்கள் அந்த இடங்களை மறந்துவிடுவார்கள்.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவின்படி, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. கேள்வி உரிமையாளரை நோக்கியே வரும், பெயர் மாற்றிய நாள் முதல் உரிமையாளர் தாங்கள். சாடில் ஸ்டேக்கும் கண்ணாடிக்கும் இந்தக் கவலை அவ்வளவாக இல்லை. எஞ்சின் சிசியைக் கூட்டும் பெரிய சிலிண்டர் கிட் போட்ட வண்டி என்றால், விலை பேசவே வேண்டாம்.

கேள்வி: கார் எஞ்சின் ஆயில் விலை குறைவாகக் கிடைக்கிறது. அதை பைக்கில் ஊற்றலாமா?
(நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: கூடாது. பெரும்பாலான பைக்குகளில் கிளட்ச் தகடுகள் எஞ்சின் ஆயிலிலேயே நனைந்து சுழல்கின்றன. கார் ஆயில்கள் பலவற்றில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள் அந்தக் கிளட்சை வழுக்கச் செய்யும். டப்பாவில் ஆயிலில் நனையும் கிளட்சுக்கு ஏற்றது என்பதைக் காட்டும் ஜாசோ எம்ஏ (JASO MA) அல்லது எம்ஏ2 என்ற குறி இருக்கிறதா, கையேடு சொல்லும் கிரேடுதானா என்ற இரண்டை மட்டும் பாருங்கள்.

கேள்வி: வீடு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில். கவர் போட்டு மூடியும் செயினும் ஸ்போக்கும் துருப்பிடிக்கின்றன. என்ன செய்வது?
(தேவனாம்பட்டினம் வாசகர்)

பதில்: கவர்தான் பாதிக் குற்றவாளி. ஈரத்தோடு மூடினால் உப்பும் புழுக்கமும் உள்ளேயே தங்கிவிடும். காற்றோட்டமுள்ள கூரைக்கடியில் திறந்து நிறுத்துவதே மேல். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். போர்த் தண்ணீர் உப்புக் கரிக்கும் தெருவாக இருந்தால், கடைசியாக ஒரு வாளி குழாய்த் தண்ணீராவது ஊற்றுங்கள். வாட்டர் சர்வீஸ் கடைக்குப் போனால் சக்கர பேரிங்கிலும் ஒயர் கப்ளரிலும் செயினிலும் பிரஷர் கன்னை நேராகப் பிடிக்க விடாதீர்கள். சீலைத் தாண்டி உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. கழுவியபின் ஐந்து கிலோமீட்டர் ஓட்டி, செயின் சூடாக இருக்கும்போதே செயின் லூப் (மசகு எண்ணெய்) அடித்து, இரவு முழுதும் அப்படியே விடுங்கள். ஸ்போக்கில் துரு ஆரம்ப நிலையில் இருந்தால், மெல்லிய எண்ணெய்த் துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கலாம். துணி டயரிலும் டிஸ்க்கிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.