பினாங்கு ஜாலான் பி. ரம்லி பக்கம் வாடகைக்கு வீடு பார்க்கிறோம். வெள்ளம் ஏறுமா என்று முன்னாடியே எப்படித் தெரிந்துகொள்வது?

வாடகை கம்மி, சுவருக்குப் புதுச் சாயம். அதனால்தான் சந்தேகம் வந்திருக்கும். அந்த வீட்டை விடுங்கள், அக்கம்பக்கத்து வீடுகளைப் பாருங்கள். ஐஸ்பெட்டி செங்கல் மேல் நிற்கிறதா? பிளக் பாயிண்ட் இடுப்புக்கு மேலே இருக்கிறதா? அடுப்படியில் பலகை அலமாரி இல்லாமல் சிமெண்டுத் திட்டு கட்டியிருக்கிறார்களா? அப்படியென்றால் தண்ணீர் வருகிற தெருதான். ஏஜெண்டு "அதெல்லாம் அந்தக் காலம்" என்பார்.

அந்தப் பகுதியில் தரைவீட்டில் குடியிருந்தவன் நான். வெறும் மழையென்றால் லோங்காங் (தெருச் சாக்கடை) எப்படியோ இழுத்துக்கொள்ளும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் மழை கொட்டினால் சுங்கை பினாங்கு ஆற்றுத் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை, திரும்பிக் குளியலறை ஓட்டை வழியாக வீட்டுக்குள் வரும். இதை எனக்குச் சொன்னது எந்த அதிகாரியும் இல்லை, பள்ளிக்கூடமே போகாத பக்கத்து வீட்டு ஆயா. அவர் நாள்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்ப்பது விரதத்துக்கு மட்டும் இல்லை.

2017 நவம்பர் 4, சனிக்கிழமை, ஐப்பசிப் பௌர்ணமி. மழை விடுவதாக இல்லை. "தம்பி, இன்னைக்குக் கடல் ஏறுற நாளு. பொழுதோட சாமானைத் தூக்கி வச்சுரு" என்றார் ஆயா. இருட்டியதும் குளியலறை ஓட்டையிலிருந்து கரப்பான்பூச்சிகள் சாரைசாரையாக ஏறி வந்தன, பின்னாலேயே ஒரு பூரான். தெருவில் அப்போது தண்ணீரே இல்லை. தரை காய்ந்திருக்கும்போதே மெயின் சுவிட்சை அணைத்தோம், கேஸ் தோம்பை (சிலிண்டரை) மூடினோம், ஐசி (அடையாள அட்டை), பிறப்புப் பத்திரம் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வைத்தோம். விடிவதற்குள் தண்ணீர் மேசையைத் தொட்டுவிட்டது.

வடியும்போதுதான் பெரிய வேலை. தண்ணீர் கணுக்காலுக்கு இறங்கியதுமே ஆயா துடைப்பத்தால் கலக்கிக் கலக்கி வாசல் பக்கம் தள்ளினார், சேறும் கூடவே போனது. எதிர் வீட்டில் வெயில் வரட்டும் என்று விட்டுவிட்டார்கள். காய்ந்த சேற்றைக் கொத்துக்கரண்டியால் சுரண்ட வேண்டியதாகிவிட்டது. காலில் பூட்ஸ் இல்லாமல் இறங்காதீர்கள், எலிக் காய்ச்சல் விளையாட்டில்லை.

"பாட்டி கதையை நம்பச் சொல்கிறான்" என்று யாராவது வருவார்கள், தெரியும். நான் அப்படிச் சொல்லவில்லை. நீர்ப்பாசன வடிகால் துறையின் பப்ளிக் இன்ஃபோ பன்ஜிர் (வெள்ளத் தகவல்) இணையதளத்தில் ஆற்று மட்டத்தை நானும் பார்க்கிறேன். அன்று அடித்த காற்றை ஆயாவே எதிர்பார்க்கவில்லை. மரங்கள் வேரோடு சாய்ந்தன, பினாங்கில் 7 பேர் இறந்தார்கள், மாநில அரசு மறுநாள் அதிகாலையில் ராணுவத்தின் உதவியைக் கேட்டது. ஆனால் உங்கள் வீட்டு ஓட்டையில் எப்போது தண்ணீர் ஏறும் என்று எந்தத் தளத்திலும் போட மாட்டார்கள்.

மேட்டில் வீடு பார்க்க வேண்டியதுதானே என்று கேட்பவர்களுக்கு: பார்த்தோம். போனில் நன்றாகத்தான் பேசுவார்கள், பெயரைச் சொன்னதும் "வீடு போயிடுச்சு". விளம்பரத்திலேயே இந்தியர்களுக்கு இல்லை என்று போடுகிறவர்களும் உண்டு. சமையல் வாசனை சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம்! எங்கள் ரசத்தால் இடிந்த சுவர் ஒன்றைக் காட்டுங்கள் பார்ப்போம். சரி, அது வேறு கதை.

எடுப்பதென்று முடிவானால் குடியிருப்பதற்கு அத்தாட்சியாக வாடகை ஒப்பந்தத்துக்கு ஸ்டாம்பிங் (முத்திரை வரி கட்டுவது) செய்துவிடுங்கள். தண்ணீர் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது என்று சொல்லி எங்கள் வெள்ள உதவிப் படிவத்தைத் திருப்பிவிட்டார்கள். கழுவுவதற்கு முன்னால் படம் எடுத்து வைப்பதும் நல்லது. அப்புறம், வீடு பார்க்கப் போவது பௌர்ணமி அன்று, கடல் ஏறும் நேரமாக இருக்கட்டும். லோங்காங்கில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று நின்று பாருங்கள். ஆற்றுக்குப் போகாமல் தெருவுக்குள் வந்துகொண்டிருந்தால் முன்பணத்தைக் கொடுக்காமல் திரும்பிவிடுங்கள்.